படம் எப்படி? ஒரு கேள்வியின் தொண்ணூறு ஆண்டு வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)

துணி வாங்குபவர் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். திரைப்படத்திற்கு மட்டும் அந்த வசதி கிடையாது. முதலில் பணம், பிறகுதான் சரக்கு. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் திரையரங்கு தோன்றிய நாளிலிருந்தே, உள்ளே போகிறவர் வெளியே வருகிறவரை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்: "படம் எப்படி?"

இந்தக் கேள்விக்கான பதில் காலத்துக்குக் காலம் உருமாறி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது விசில் சத்தமாக இருந்தது. பிறகு எத்தனை நாள் ஓடியது என்ற கணக்காக ஆனது. அடுத்து நூற்றுக்கு இத்தனை மதிப்பெண், ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம், பத்துக்கு இத்தனை புள்ளி என்று வளர்ந்தது. இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவை பார்வையாளரின் பணத்தையும் நேரத்தையும் காப்பாற்றுவதற்காகவே வந்தவை. ஆனால் வந்த சில காலத்தில் அவை திரையரங்குக்காரர், ரசிகர் மன்றம், விளம்பரம் செய்பவர் என்று வேறு யாராவது ஒருவரின் கைக்குப் போயின. அப்படிப் போனபோதெல்லாம் கணக்கைத் திருத்தியவர், படத்தைப் பார்த்துவிட்டுக் காரணத்தோடு பேசிய சாதாரண ரசிகர்தான்.

முதல் காட்சி முடிவதற்குள்ளேயே ஒரு படத்தின் தலையெழுத்து தீர்மானிக்கப்படும் காலம் இது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எடுக்கப்படும் சிறிய தமிழ்ப் படங்களுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. ஆகவே இந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

பனைமரத்துக்கு முதல் இடம்

தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி வெளிவந்தது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார். அதே படத்தில் தெலுங்கு வசனமும் கலந்திருந்தது. யாரும் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் பேசுகிறது, பாடுகிறது என்பதே அன்று போதுமான அதிசயமாக இருந்தது.

அதிசயம் பழகிப்போனதும் விமர்சனம் பிறந்தது. 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். அதற்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்தக் காலத்தில் அது கேட்டவர்கள் வாயைப் பிளக்கும் தொகை. படத்திற்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரமே அந்த ஒரு லட்சம்தான்.

'ஆனந்த விகடன்' இதழில் கல்கி அந்தப் படத்தை விமர்சித்தார். படத்தில் நன்றாக நடித்திருப்பவை பனைமரம், எருமைக்கடா, ஆட்டுக்குட்டி என்று அவர் வரிசைப்படுத்திக் கேலி செய்தார். ஒரு படத்தின் அம்சங்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று தமிழில் தரவரிசை கொடுத்த ஆரம்பகால உதாரணங்களில் ஒன்றாக இதைச் சொல்லலாம். வெறும் கிண்டல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நட்சத்திரத்தின் சம்பளம் வேறு, திரையில் தெரியும் நடிப்பு வேறு என்பதை வாசகருக்குப் பளிச்சென்று உணர்த்திய வரிசை அது. படமும் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை.

அந்த நாளில் படத்தைப் பற்றி ரசிகர் கையில் கிடைத்த இன்னொரு தாள், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். பாடல்களோடு கதைச் சுருக்கமும் அதில் இருக்கும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணும்படி அச்சிட்டிருப்பார்கள். அது தயாரிப்பாளரின் குரல். பத்திரிகை விமர்சனம் வேறொரு குரல். இரண்டும் அப்போதே எதிரெதிராக நின்றன.

ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான சுவர் அவ்வளவு உயரமானதல்ல. ஆனந்த விகடனின் உரிமையாளர் எஸ்.எஸ்.வாசன்தான் ஜெமினி ஸ்டுடியோவை நடத்தி, 1948ஆம் ஆண்டு 'சந்திரலேகா' என்ற பிரம்மாண்டமான படத்தைத் தந்தவர். விமர்சனம் எழுதும் பத்திரிகையும் படம் எடுக்கும் நிறுவனமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மதிப்பிடுபவர் யார், அவருக்கும் படத்திற்கும் என்ன உறவு என்ற கேள்வி இணையத்தோடு பிறந்த புதுக் கேள்வி அல்ல.

நாள் கணக்கு

பத்திரிகை வாங்காதவர்கள் வேறொரு அளவுகோலை வைத்திருந்தார்கள். படம் எத்தனை நாள் ஓடியது?

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன்பின் பல தலைமுறைகளுக்கு அதுவே உச்ச அளவாக இருந்தது. நூறு நாள் ஓடினால் வெற்றி, இருபத்தைந்து வாரம் ஓடினால் வெள்ளி விழா என்பது எழுதாத சட்டமானது. எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் இந்த நாள் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் என்று மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள்.

அந்த நாளில் இது நியாயமான அளவுகோலாகவும் இருந்தது. ஒரு படம் நூறு நாள் ஓடியது என்றால், முதல் வாரத்தில் பார்த்தவர் மற்றவரிடம் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். ஆயிரக்கணக்கான வாய்மொழிகளின் கூட்டுத்தொகை அது. ஆனால் அந்த எண்ணுக்கே மதிப்பு வந்ததும், எண்ணுக்காக ஓட்டுவதும் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு காட்சி ஓட்டினாலும் நாள் கணக்கில் அது ஒரு நாள்தான். 2005ஆம் ஆண்டு வெளியான 'சந்திரமுகி' சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடி ஹரிதாஸின் சாதனையைக் கடந்தது. அந்தத் திரையரங்கும் சிவாஜி கணேசன் குடும்பத்தினருடையது, படத்தைத் தயாரித்த சிவாஜி புரொடக்ஷன்ஸும் அவர்களுடையது. படம் மாபெரும் வெற்றி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 1944ஆம் ஆண்டின் ஒரு நாளும் 2005ஆம் ஆண்டின் ஒரு நாளும் ஒரே எடை கொண்டவையா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

நாள் கணக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. காலத்துக்கு முந்திப் பிறந்த படத்தை அது அடையாளம் காட்டாது. 1954ஆம் ஆண்டு எஸ்.பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டும் இல்லை. படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் சுடப்படுகிறார். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று போகப்போகத் தெரிகிறது. பாட்டுக்காகவும் நாயகனுக்காகவும் வந்த கூட்டம் ஏமாந்து போனது. வசூலில் தோற்ற அந்தப் படம்தான் இன்று தமிழின் மிகச் சிறந்த துப்பறியும் படங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' 1964ஆம் ஆண்டு பொங்கல் நாளில், எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' வெளியான அதே நாளில் வந்தது. கொட்டிய பணத்துக்கு ஏற்ற வசூல் அப்போது கிடைக்கவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டு, அதே படம் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. படத்தில் புதிதாக ஒரு காட்சிகூடச் சேர்க்கப்படவில்லை. ஆனால் அப்பாவிடம் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அதற்குள் உருவாகியிருந்தது.

தோட்டத்துத் திடலிலிருந்து கேசட் கடை வரை

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. ஷாங்ஹாயிலிருந்து வந்த ஷா சகோதரர்கள் 1920களிலிருந்து இங்கே திரைப்படத் தொழிலை வளர்த்தார்கள். நகரங்களில் கொட்டகைகளைக் கட்டியதோடு, கருவிகளை ஏற்றிக்கொண்டு உள்ளூர்ப் பகுதிகளுக்கும் சென்று படம் காட்டினார்கள். 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட்டின் செய்திப் படங்களும் நடமாடும் வண்டிகளில் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் போயின.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும் இரவுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. பால்வெட்டுக்குப் போய் வந்த களைப்போடு, பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எல்லாருமே வந்துவிடுவார்கள். அங்கே மதிப்பீடு படம் பார்க்கும் முன்பு நடப்பதில்லை, பார்த்த மறுநாள் மரத்தடியில் நடக்கும். போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கு இல்லை. அந்தத் தாய் ஏன் அப்படிச் செய்தாள், அண்ணன் செய்தது நியாயமா என்றே பேச்சு ஓடும். விலை பார்க்கும் மதிப்பீடு அல்ல அது, வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்பீடு.

1970களில் தமிழ்ப் படங்கள் இந்த மண்ணையே தேடி வந்தன. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), ரஜினிகாந்தின் 'பிரியா' (1978), கே.பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகியவற்றில் சிங்கப்பூர்த் தெருக்கள் திரையில் வந்தன. தமிழ்நாட்டு ரசிகருக்கு அது வெளிநாட்டுக் காட்சி. இங்குள்ள ரசிகருக்கோ தினமும் பேருந்தில் கடக்கும் சாலை. ஒரே காட்சியை இரு ஊர்க்காரர்களும் வெவ்வேறு கண்ணால் பார்த்தார்கள்.

இந்த வேறுபாடு 2016ஆம் ஆண்டு பா.ரஞ்சித்தின் 'கபாலி' வந்தபோது பெரிதாக வெளிப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்களையும் குண்டர் கும்பல்களையும் பேசிய அந்தப் படத்தை மலேசிய ரசிகர்கள் சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். மலேசியாவில் திரையிடப்பட்ட பிரதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாகக் கடைசியில் ஓர் அறிவிப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆக, சென்னையில் பார்த்தவரும் கோலாலம்பூரில் பார்த்தவரும் ஒரே முடிவைக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் தந்த மதிப்பெண்களை எப்படி ஒன்றாகக் கூட்டுவது?

இடையில் 1980களில் வீடியோ கேசட் வந்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், லிட்டில் இந்தியா போன்ற இடங்களில் கேசட் கடைகள் முளைத்தன. கடைக்காரரே அந்தத் தெருவின் விமர்சகரானார். எந்த வீட்டில் அழுகைப் படம் பிடிக்கும், எந்த வீட்டில் சண்டைப் படம் கேட்பார்கள், எந்த வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துபடி. ஒரே படத்தை ஒருவருக்கு "எடுத்துப் போங்க" என்பார், இன்னொருவருக்கு "உங்களுக்குச் சரிப்படாது" என்பார். கேட்பவர் யார் என்று தெரிந்து சொல்லும் அந்தப் பதிலை எந்த எண்ணும் தந்துவிட முடியாது.

நூற்றுக்கு 62.5

1970களில் ஆனந்த விகடன் தன் விமரிசனத்தின் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. தமிழ் ரசிகர்களின் பேச்சில் இது ஒரு புதிய மொழியையே உருவாக்கியது. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கி வளர்ந்த சமூகத்துக்கு இது சட்டென்று புரிந்தது. ஆனால் விகடன் வாத்தியார் கையைக் கட்டிப்போட்டு மார்க் போட்டார். நாற்பது வாங்கினாலே படம் பார்க்கத் தகுந்தது என்றும், ஐம்பதைத் தொட்டால் அருமையான படம் என்றும் வாசகர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள்.

1977ஆம் ஆண்டு வெளிவந்த பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' 62.5 மதிப்பெண் பெற்றது. பல பத்தாண்டுகளுக்கு ரசிகர்கள் உச்ச அளவாகச் சொல்லி வந்த எண் அது. மறு ஆண்டு மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 61 பெற்றது. இரண்டுமே ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து, கிராமத்து மனிதரை அவர் போக்கில் பேசவிட்ட படங்கள்.

'முள்ளும் மலரும்' வெளியான முதல் சில வாரங்களில் திரையரங்குகளில் கூட்டம் இல்லை. விளம்பரம் செய்யும்படி தயாரிப்பாளரிடம் கேட்டும் பயனில்லாமல் போனதையும், அதன்பின் படம் தானாகவே எழுந்து நின்றதையும் மகேந்திரன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். படத்தைத் தூக்கி நிறுத்தியது பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்ன சொல். அந்தச் சொல் ஊர் முழுவதும் பரவச் சில வாரங்கள் தேவைப்பட்டன. அந்தச் சில வாரங்களை அன்றைய திரையரங்குகள் அந்தப் படத்துக்குக் கொடுத்தன. இது நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

நட்சத்திரமும் கட்டைவிரலும்

உலகின் மறுபுறத்திலும் இதே தேடல் நடந்துகொண்டிருந்தது. 1928ஆம் ஆண்டு நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழ் படங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. உச்ச அளவு மூன்று நட்சத்திரம். பிரான்சில் 'காயே து சினேமா' என்ற இதழ் 1955ஆம் ஆண்டிலிருந்து, பத்து விமர்சகர்கள் ஒரே படத்துக்குக் கொடுத்த நட்சத்திரங்களைப் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டது. ஒருவர் கொண்டாடிய படத்தை இன்னொருவர் குப்பை என்று சொல்வதை வாசகர் ஒரே அட்டவணையில் பார்க்க முடிந்தது.

தொலைக்காட்சியில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றவர்கள் ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும். சிகாகோ நகரின் இரண்டு போட்டிப் பத்திரிகைகளைச் சேர்ந்த அவர்கள் 1975ஆம் ஆண்டு ஒரே நிகழ்ச்சியில் எதிரெதிரே அமர்ந்தார்கள். பின்னாளில் அவர்களது கட்டைவிரல் உயர்வதும் தாழ்வதும் உலகப் புகழ் பெற்றது. ஆனால் நேயர்களை உட்கார வைத்தது விரல் அல்ல, அந்த விரலுக்கு முன்னால் நடந்த சண்டை. ஒருவர் ஏன் பிடித்தது என்று சொல்ல, மற்றவர் ஏன் பிடிக்கவில்லை என்று மறுக்க, அதைக் கேட்ட நேயர் தன் ரசனை எந்தப் பக்கம் என்று தானே முடிவு செய்தார்.

விமர்சகர்களை நம்பிப் போய் ஏமாந்த ஒருவரும் வரலாற்றில் இடம் பிடித்தார். எட் மின்ட்ஸ் என்ற அமெரிக்கர், பாராட்டப்பட்ட ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் போய்ச் சலிப்படைந்தார். சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஏன் யாரும் கேட்பதில்லை என்ற எண்ணத்தில் 1979ஆம் ஆண்டு 'சினிமாஸ்கோர்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் நாள் இரவு படம் பார்த்து வெளியே வருபவரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, பள்ளித் தேர்வு போல ஏ முதல் எஃப் வரை தரம் போடச் சொல்வார்கள். கொட்டகை வாசலில் கேட்ட பழைய கேள்வியேதான், அட்டை மட்டும் புதிது.

நிபுணர்களின் தீர்ப்பும் நிலையானதல்ல. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகின் தலைசிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் முறை வென்றது இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அசைக்க முடியாத முதலிடத்தில் இருந்தது. 2012ஆம் ஆண்டு ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' அதைக் கீழே இறக்கியது. 1958ஆம் ஆண்டு வெளியானபோது பெரிய வரவேற்பைப் பெறாத படம் அது. 2022ஆம் ஆண்டு அதுவும் இறங்கி, பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷான்டால் அக்கர்மனின் 'ஷான் டீல்மன்' முதலிடம் பெற்றது.

எண்ணுக்குள் ஒளிந்திருப்பவை

1990ஆம் ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த கால் நீதம் என்ற ரசிகர், தன்னைப் போன்ற ரசிகர்கள் சேர்த்து வைத்த திரைப்படப் பட்டியல்களைக் கணினியில் தேடிப் பார்க்கும் வசதியை உருவாக்கினார். அதுதான் ஐஎம்டிபி. 1998ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் அதை வாங்கியது. அதே ஆண்டு சென் டுவோங் என்ற இளைஞர், ஜாக்கி சானின் 'ரஷ் ஹவர்' படத்துக்கு வரும் விமர்சனங்களைத் திரட்டிப் பார்க்கும் ஆசையில் 'ராட்டன் டொமாட்டோஸ்' தளத்தைத் தொடங்கினார். இரண்டுமே ரசிகர்களின் ஆர்வத்தில் பிறந்தவை.

இவை தரும் எண்களைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்குப் போதும். பத்துப் பேர் ஒரு படத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து பேர் பத்துப் புள்ளி, ஐந்து பேர் இரண்டு புள்ளி கொடுத்தால் சராசரி ஆறு. இன்னொரு படத்துக்குப் பத்துப் பேருமே ஆறு கொடுத்தாலும் சராசரி ஆறுதான். முதல் படம் சிலரை உலுக்கி எடுத்த படம், இரண்டாவது யாரையும் அசைக்காத படம். எண் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. ராட்டன் டொமாட்டோஸ் தரும் விழுக்காடோ வேறு வகை. படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை, எத்தனை பேர் நல்லபடியாக எழுதினார்கள் என்பதையே சொல்கிறது. எல்லாரும் "பரவாயில்லை" என்று சொன்னாலே ஒரு படம் நூறு விழுக்காட்டைத் தொட்டுவிடலாம்.

ரசிகர் படையும் இந்த எண்ணைத் தாக்கும். 2008ஆம் ஆண்டு 'தி டார்க் நைட்' வெளியானபோது அது ஐஎம்டிபி பட்டியலில் சில காலம் முதலிடத்துக்கு ஏறியது. அதை மேலே தூக்க 'தி காட்ஃபாதர்' படத்துக்குச் சிலர் வேண்டுமென்றே குறைந்த புள்ளி போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. 2019ஆம் ஆண்டு 'கேப்டன் மார்வெல்' படம் வருவதற்கு முன்பே அதைத் தாழ்த்தும் முயற்சி நடந்தது. அந்த ஆண்டு ராட்டன் டொமாட்டோஸ் தன் விதிகளை மாற்றியதோடு, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்டத் தொடங்கியது.

இதே பட்டியலின் உச்சியில் பல ஆண்டுகளாக நிற்கும் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தின் கதை வேறு. 1994ஆம் ஆண்டு திரையரங்குகளில் அது தோல்வி கண்டது. மறு ஆண்டு வீடியோ கடைகளிலும், பிறகு தொலைக்காட்சியிலும் அதைப் பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லியே அது உயரத்தை அடைந்தது. ரசிகர் படையால் ஓர் எண்ணைச் சில வாரம் உயர்த்திப் பிடிக்க முடிந்தது. ரசிகரின் நேர்மையான பரிந்துரை ஒரு படத்தையே தலைமுறைகளுக்கு உயர்த்தி வைத்திருக்கிறது.

முதல் நாள் தீர்ப்பு

தமிழிலும் இந்தப் போராட்டம் நீதிமன்றம் வரை சென்றது. 2024ஆம் ஆண்டு 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்ததாகக் கூறிய தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், திரையரங்கு வளாகத்தில் ரசிகர் கருத்தைப் படம்பிடிக்க அனுமதிக்க வேண்டாம் என்று அந்த நவம்பரில் கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனத்தைத் தடுக்கக் கோரும் மனுவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

தயாரிப்பாளர்களின் வலியில் உண்மை உண்டு. பல கோடிப் பணமும் பல நூறு பேரின் உழைப்பும் ஒரு காலை நேரத்தில் கேலிப் பொருளாவது கொடுமைதான். ஆனால் பணம் கொடுத்துப் பார்த்தவரின் வாயை மூடுவது அதற்கு மருந்தாகாது. கல்கியை மூன்று நாள் பொறுத்து எழுதச் சொல்லியிருந்தாலும் பனைமரம்தான் முதலிடம் பெற்றிருக்கும்.

உண்மையான சிக்கல் அவசரம். 2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அன்று தோல்விப் படம். பின்னர் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதைத் தங்கள் வாழ்வின் முக்கியமான படங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010ஆம் ஆண்டு பலரைக் குழப்பியது. 2021ஆம் ஆண்டு இறுதியில் மறுபடி திரையிடப்பட்டபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள். முதல் நாள் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்பதல்ல. படம் மனத்தில் இறங்குவதற்கு முன்பே எண்ணை எழுதிவிட்டார்கள் என்பதே உண்மை.

சொந்த மண்ணின் படங்கள்

பெரிய நடிகரின் படம் முதல் நாள் அடியைத் தாங்கிக்கொள்ளும். தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை, மறுவெளியீடு என்று அதற்குப் பல கதவுகள் உண்டு. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ எடுக்கப்படும் சிறிய தமிழ்ப் படத்துக்குக் கிடைப்பது ஒரு சில அரங்குகள், ஒரு சில காட்சிகள். முதல் வாரக் கூட்டம் குறைந்தால் இரண்டாம் வாரம் கிடையாது. 'முள்ளும் மலரும்' படத்துக்குக் கிடைத்த அந்தச் சில வாரங்கள் இதற்குக் கிடைப்பதில்லை.

இந்தப் படங்கள் உலகின் கண்ணில் படாமல் போகவில்லை. தோட்டத்துப் பெண்ணின் மேற்படிப்புக் கனவைச் சொன்ன தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) பிரான்சின் நான்ட் நகரத் திரைப்பட விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசைப் பெற்றது. சிங்கப்பூரின் எரிக் கூ, மந்திர வித்தைக்காரரான பிரான்சிஸ் போஸ்கோவை நடிக்க வைத்துத் தமிழில் எடுத்த 'மை மேஜிக்' 2008ஆம் ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. சிங்கப்பூர்ப் படம் ஒன்று அந்தப் பிரிவில் நுழைந்தது அதுவே முதல் முறை. அந்தப் பெருமையைப் பெற்றது ஒரு தமிழ்ப் படம்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளியானது. தோட்டங்களை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பத்துச் சிறுவனின் கதை. மலாய்ச் சொல்லான 'ஜஹாட்' மலேசியத் தமிழர் நாவில் ஏறிய வடிவமே படத்தின் பெயர். பெரிய விளம்பரம் இல்லாத அந்தப் படத்துக்குப் பார்த்தவர்களின் வாய்ச்சொல்லே துணையாக நின்றது.

மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மதிப்பீடே ஒரு பொது விவாதமானது. மலாய் மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று ஒதுக்கி, 'ஜகாட்', 'ஓலா போலா' ஆகிய படங்களை அதில் வைத்தார்கள். பல இனக் கலைஞர்களும் இதை எதிர்த்தார்கள். பிரிவுகள் மாற்றி அமைக்கப்பட்டு, சிறந்த மலேசியப் படம் என்ற விருது எல்லா மொழிகளுக்கும் திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு அந்த விருதை வென்ற படம் 'ஜகாட்'. எந்த வரிசையில் வைத்து மதிப்பிடுகிறோம் என்பது, எத்தனை மதிப்பெண் போடுகிறோம் என்பதைவிட முக்கியம் என்று அந்த நிகழ்ச்சி காட்டியது.

உள்ளூர் ரசிகர் இந்தப் படங்களுக்கு இரண்டு வகையில் அநீதி செய்துவிடலாம். கோடிக்கணக்கில் செலவழித்த சென்னைப் படத்தோடு ஒப்பிட்டு, சண்டைக்காட்சி சரியில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது ஒன்று. நம்மவர் படம் என்பதற்காகக் குறையையே சொல்லாமல் ஐந்து நட்சத்திரத்தையும் அள்ளிக் கொடுப்பது மற்றொன்று. முதலாவது படத்தைக் கொல்கிறது. இரண்டாவது ரசிகரின் சொல்லைக் கொல்கிறது. ஒருமுறை நம்பிப் போய் ஏமாந்தவர் அடுத்த நல்ல படத்துக்கும் போகமாட்டார்.

கேசட் கடைக்காரர் செய்ததைத்தான் இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு ரசிகரும் செய்ய வேண்டியிருக்கிறது. புள்ளி போடட்டும், நட்சத்திரம் போடட்டும், அதில் தவறில்லை. அதோடு எந்தக் காட்சி பிடித்தது, எங்கே சலித்தது, யாருக்கு இந்தப் படம் பிடிக்கும் என்று மூன்று வரி சேர்த்துச் சொன்னால், கேட்பவர் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்வார். அடுத்த வியாழக்கிழமை ஏதோ ஓர் அரங்கின் கடைசித் திரையில், பெயர் தெரியாத இயக்குநரின் படம் ஒன்று வெளியாகும். அதற்கு இரண்டாம் வாரம் கிடைப்பதும் கிடைக்காததும் முதல் காட்சி பார்த்த முப்பது பேர் வீட்டுக்குப் போய் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.